பங்குக் கிணற்றுக்கு வைத்த வெடி

தங்கம் தோண்டிப் பிழைத்த ஊர்களைப் பற்றிப் புத்தகங்களில் வாசித்திருக்கிறேன். தோண்டத் தோண்டச் சனம் சேரும், கடை வரும், கோயிலுக்குக் கோபுரம் வரும். பிறகு ஒருநாள் தங்கம் முடிந்துவிடும், சனமும் போய்விடும். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்குக் கிடைத்தது தங்கமல்ல, கல். வலிகாமத்தின் வடக்குக் கரையில், கடலின் இரைச்சல் கேட்கிற தூரத்தில், ஒரு முழச் செம்மண்ணுக்குக் கீழே ஒரே கல். மேலே இருந்த மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வைத்தோம். கீழே இருந்த கல்லைச் சீமெந்து செய்வதற்கென்று உடைத்து ஏற்றினோம். ஒரே நிலத்தை மேலேயும் கீழேயும் இருந்து தின்ற சனம் நாங்கள்.

கல்லைத் தோண்டி எடுக்கிற கல்லுக்கிடங்கு எங்கள் பக்கம் பெருக்கத் தொடங்கியது ஐம்பதுகளின் கடைசியில். நான் அப்போது சின்னப் பிள்ளை. ஆண்கள் காலையில் கிடங்குக்குப் போவார்கள், பின்னேரம் வந்து தோட்டத்தில் இறங்குவார்கள். தலைமயிரில் வெள்ளைத் தூசியும் கால் நகத்தில் சிவப்பு மண்ணும் இல்லாத ஆணுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். வெடி வைக்கிற நேரத்துக்குக் கிடங்கில் சங்கு ஊதும். ஊதினால் பெண்கள் அலுமாரித் தட்டிலிருந்த கிளாசுகளை இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு, வெடித்து முடிந்ததும் திரும்ப எடுத்து வைப்பார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்கள் முதல் வெடிக்கு அலறியடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவதும், நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதும் வழக்கம்.

அந்த வெடியை வைக்கிறவர்களில் ஒருவர் என் அண்ணை. ஐயா நெஞ்சு நோவில் திடீரென்று போனபோது அண்ணைக்கு மீசை சரியாக அரும்பவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கிடங்குக்குப் போனார். கல்லில் துளை போடுகிறவராகத் தொடங்கி, வெடிமருந்து இறுக்கித் திரி வைக்கிறவரானார். அவர் கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு இந்த இடத்தில் பிளக்கும் என்றால் அந்த இடத்தில்தான் பிளக்கும் என்று கிடங்கில் பேர். வேலை முடிந்து வந்தால் உடம்பிலிருக்கிற தூசியோடேயே தோட்டத்துக்குப் போவார். அம்மா பின்னால் நின்று கத்துவாள், முதலில் சாப்பிடு என்று. அண்ணை காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அவ்வளவு பாடுபட்ட தோட்டம் அவருடையதல்ல, என்னுடையது. எங்கள் பக்கத்தில் காணி பெண்ணோடுதான் போகும். வீட்டு வளவும் தோட்டமும் கிணற்றுப் பங்கும் எனக்குச் சீதனம் என்று ஐயா இருக்கும்போதே பேசி வைத்தது. அண்ணைக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை. அதில் அவருக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை, அதை வைத்து என்னைப் பகிடி பண்ணுவதற்கு அவருக்கு வாய்ப்பாகத்தான் இருந்தது. என்னைக் காணிக்காரி என்றுதான் கூப்பிடுவார். மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து படியில் குந்திக்கொண்டு, “காணிக்காரி, உம்மடை தோட்டத்திலை கூலிக்கு நிண்டனான், ஒரு வாய் தேத்தண்ணி கிடைக்குமோ?” என்பார். நான் மூஞ்சியை நீட்டிக்கொண்டு போய் ஊற்றிக் கொடுப்பேன். என்னைக் கட்டிக் கொடுக்காமல் தான் கட்டுவதில்லை என்பது அவருடைய பிடிவாதம். அதுவும் எங்கள் ஊரில் புதினமல்ல.

கிணறு பங்குக் கிணறு. ஐயாவின் தமையனார், என் பெரியப்பா, வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தார். கிணறு நடு எல்லையில் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பு: இன்றைக்கு எங்கள் முறை என்றால் நாளைக்கு அவர்களுடையது. கடல் அத்தனை கிட்டவாக இருந்தும் அந்தத் தண்ணீர் இனிக்கும். கோயிலுக்குக் காவடி எடுத்துக்கொண்டு நடந்து வருகிறவர்கள் எங்கள் வாசல் படலையில் நின்று கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். பங்குக் கிணற்றில் ஒருவர் தன்பாட்டில் எதையும் செய்ய முடியாது. உடைந்த கட்டுக்கு ஒரு கல் வைப்பதென்றாலும் மற்றப் பங்காளியிடம் ஒரு சொல்லுக் கேட்கவேண்டும். அப்படிக் கேட்காமல் விட்டு வெட்டுக்குத்து வரைக்கும் போன குடும்பங்கள் பக்கத்திலேயே இருந்தன.

துலாவால் இறைத்த காலத்தில் மனிதன்தான் முதலில் களைப்பான், கிணறு களைக்காது. இறைப்பு மிசின் வந்த பிறகு கிணறுதான் முதலில் களைத்தது. எழுபதுகள் தொடங்கி, வெளியிலிருந்து வருகிற மிளகாயை அரசாங்கம் நிறுத்தியதும் எங்கள் ஆட்களுக்குக் கண்மண் தெரியாமல் போய்விட்டது. புகையிலை வைத்த தறையெல்லாம் மிளகாய்த் தறையானது. வெள்ளை வேட்டியோடு திரிந்தவர்களெல்லாம் மிசின் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காய்ந்த மிளகாயின் நெடி ஊர் முழுக்க நிற்கும். கிடங்கு வெடிக்கும், மிளகாய் நெடிக்குச் சனம் தும்மும், எங்கள் ஊர் அப்படித்தான் பணக்கார ஊரானது. மழை பிழைத்த வருடங்களில் மட்டும் பாதி இறைப்பிலேயே கிணற்றடி தெரியும். பெரியப்பாவின் முறைநாளில் தண்ணீர் போதாமல் போனால் அவர் எங்கள் முறைநாளை ஒரு பார்வை பார்ப்பார்.

எனக்குச் சம்பந்தம் பேசி வந்தது அப்படியொரு வறண்ட வருடத்தில். மாப்பிள்ளை வீட்டார் சண்டிலிப்பாய், தோட்டக்காரச் சனம். அப்படிப்பட்டவர்கள் பெண்ணைப் பார்க்க முதல் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். நான் சேலை கட்டி, பூ வைத்து, உள்ளே வியர்த்துக்கொண்டு நிற்கிறேன்; அவர்கள் என்னை விட்டுவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்துவிட்டு, நல்ல தண்ணீர் என்று தலையை ஆட்டினார். பிறகு, ஒருக்கால் மிசினைப் போட்டுக் காட்டச் சொன்னார். அண்ணை போட்டார். நாலைந்து பாத்தி நனைவதற்குள் மிசின் காற்றை உறிஞ்சிக் கத்தத் தொடங்கியது. அண்ணை ஓடிப்போய் நிறுத்தினார். வந்தவர்கள் மரியாதையாகத் தேத்தண்ணீர் குடித்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழும்பிப் போனார்கள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர் அவர்களில் ஒருவர்தான். அவரைத்தான் பிறகு கட்டினேன்.

அவர்கள் போன பிறகு அண்ணை கிணற்றுக் கட்டில் இருந்தார். நான் சேலையை மாற்றிவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றேன். பகிடி ஒன்றும் வரவில்லை. கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“வத்தாத கிணறு தந்துதான் உன்னைக் கட்டிக் குடுப்பன். கல்லுத்தான் மறிச்சுக்கொண்டு நிக்குது. கல்லுக்கு நான் பயமோ?”

அது அவருடைய புத்தி மட்டுமல்ல. எங்கள் ஊரின் புத்தியே அதுதான். கல்லுக்கிடங்கில் கல்லைப் பிளக்கப் பிளக்க வெடிப்புகளுக்குள்ளால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். நல்ல தண்ணீர், வேலைக்காரர் அதைக் கையில் ஏந்திக் குடிப்பார்கள். தினமும் அதைப் பார்த்த சனத்துக்கு, கல்லுக்குக் கீழே தண்ணீர் ஏராளம், உடைத்தால் வரும் என்பதில் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. கிடங்கு கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, எங்கள் கிணறு எவ்வளவு கிட்ட என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரர் யாராவது இப்படி நினைப்பார்களா? அங்கே கிணற்றை ஆழமாக்குவதென்றால் இரும்பு அலவாங்கால் குத்துவதுதான். கை சலித்த இடத்தில் நிறுத்துவார்கள். எங்களிடம் வெடி இருந்தது. வெடி வைக்கத் தெரிந்த பிள்ளையும் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பெரியப்பாவிடம் அண்ணை போய்க் கேட்டார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு ஊருக்கு இது மறந்துபோனது. போய்க் கேட்டார். பெரியப்பா மறுக்கவில்லை. மறுப்பதா, மனுசன் அன்றைக்கே முருகைக்கல் வெட்டுகிற ஆட்களைப் போய்ப் பார்த்துக் கிணற்றுக்குப் புதுக் கட்டுக்குக் கதைத்துவிட்டு வந்தார். வெடி வைக்கிற நாளுக்கு நல்ல நேரம் பார்த்ததும் அவர். கிணற்றடியில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்ததும் அவர். அக்கம்பக்கமெல்லாம் வந்து நின்று, எங்கள் கிணறு சரிவந்தால் தங்கள் கிணற்றுக்கும் அண்ணையைக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார்கள்.

காலை வெயில் ஏறுகிற நேரம். அண்ணை கயிற்றில் இறங்கி, துளை போட்டு, மருந்து இறுக்கி, திரியை விட்டுவிட்டு ஏறி வந்தார். எங்களையெல்லாம் வேலிக்கு அப்பால் போகச் சொல்லிவிட்டுத் திரிக்கு நெருப்பு வைத்தார். நிலம் ஒருமுறை குலுங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து புகையும் கற்சில்லும் கிளம்பின. புகை அடங்க முதலே அண்ணை எட்டிப் பார்த்தார். கல்லில் ஒரு வாய் திறந்திருந்தது, அதற்குள்ளால் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. எங்கள் கண்முன்னாலேயே கிணறு ஏறியது. பெரியப்பா அண்ணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நாங்கள் எல்லோரும் அன்றைக்கு மிசின் குழாய்க்கு முன்னால் நின்று, உடுத்த உடுப்போடு, சின்னப் பிள்ளைகள் மாதிரிக் குளித்தோம். அம்மாவும் குளித்தாள். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோசம்தான் முதலில் வருகிறது. சீ, என்ன மனம் இது என்று பிறகு என்னையே திட்டிக்கொள்வேன்.

சண்டிலிப்பாயார் திரும்பி வந்து பார்த்தார்கள். மிசின் இரண்டு மணித்தியாலம் ஓடியும் கிணறு அசையவில்லை. அடுத்த நல்ல மாதத்தில் கலியாணம். அண்ணை கலியாணப் பந்தலில் நின்ற நிமிர்வை என்னால் மறக்க முடியாது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் வந்து எங்கள் வீட்டில் இருந்தார். அண்ணை வளவின் மூலையில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். வீட்டிலேயே இருங்கள் என்று நான் கெஞ்சினேன். புருசன் பெண்சாதி இருக்கிற வீட்டில் தனக்கென்ன வேலை என்று சிரித்தார்.

ஒரு போகம் நன்றாக விளைந்தது. அதற்கடுத்த பங்குனியில் ஒருநாள் காலமை என் புருசன் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, சீனிப்போத்தலுக்குப் பதிலாக உப்புப்போத்தலை எடுத்துவிட்டேனோ என்று கேட்டார். கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலம்தானே, வெட்கத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வேறு ஊற்றினேன். அதையும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தார். நான் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். கிணறே கரித்தது.

அதன் பிறகு எல்லாம் கிடுகிடு என்று நடந்தது. பருப்பு அவிய மறுத்தது. மிளகாய் இலைகளின் ஓரம் நெருப்புப் பட்டதுபோலக் கருகியது. பாத்தி வரம்புகளில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. இறைக்க இறைக்க இன்னும் உப்பானது, இறைக்காமல் விட்டால் பயிர் காய்ந்தது. எங்கள் பக்கத்து நிலத்தில் மழையில் ஊறிய நல்ல தண்ணீர் கடல் தண்ணீரின்மேல் பால் ஆடை மாதிரிப் படிந்திருக்கிறதாம், ஆழமாகக் குத்தினால் ஆடை கிழிந்து கீழேயுள்ளது மேலே வந்துவிடுமாம். பிறகு படித்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் கழுவுப்பட்டுவிடும் என்றிருந்தோம். மாரியும் வந்து போனது. உப்புப் போகவில்லை.

பெரியப்பாவின் தோட்டமும் அதே கிணறுதானே, அதுவும் கருகியது. அவர் சந்தியில் நின்று, தம்பியின் மகன் தன் குடியைக் கெடுத்துவிட்டான் என்றும், வேண்டாம் வேண்டாம் என்று தான் தலையால் அடித்துச் சொன்னதாகவும் கதைத்தார். தேங்காய் உடைத்த மனுசன்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். அண்ணை விடவில்லை. சொன்னால் சொல்லட்டும், அவருக்கு நட்டம் வந்ததுதானே என்றார். பெரியப்பா எங்களோடு கொண்டாட்டம், போக்குவரத்து எல்லாம் விட்டார். எங்கள் அம்மா செத்த வீட்டுக்கு அவர் வரவில்லை. தன் தம்பியின் பெண்சாதிக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட அவருக்கு மனம் வரவில்லை. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

அண்ணை செய்யாத வைத்தியமில்லை. நெல்லிக்கட்டை போட்டால் உவர் போகும் என்றார்கள், எங்கேயோ போய்ப் பச்சை நெல்லிமரத்தைத் தறித்துக் கொண்டுவந்து இறக்கினார். போகவில்லை. வெடி திறந்த வாயை அடைத்துவிட்டால் சரி என்று நினைத்தார். கிடங்கு வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு பின்னேரமும் கயிற்றில் இறங்கி, கல்லை அடுக்கி, சீமெந்து பூசினார். பூசியது காய முதல் தண்ணீர் தள்ளிவிடும். அடுத்தநாளும் இறங்குவார். மேலே நின்று கயிறு பிடித்தது நான்தான். உள்ளேயிருந்து கல் வைக்கிற சத்தம் வரும், அவருடைய இருமல் வரும்.

அதுவும் சரிவராத பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கத் தொடங்கினார். நாங்கள் குடிதண்ணீருக்கு ஊருக்கு உள்ளே இன்னொரு கிணற்றில் அள்ளிச் சுமந்து வந்தோம். அண்ணை அதைத் தொட மாட்டார். காலமை எழும்பிக் கிணற்றடிக்குப் போய், ஒரு செம்பு அள்ளி, அண்ணாந்து குடிப்பார். பிறகு என்னிடம், “கொஞ்சம் குறைஞ்சிருக்கு” என்பார். நான், “ஓம் அண்ணை, குறைஞ்சிருக்கு” என்பேன். வேறு என்னத்தைச் சொல்வது?

என் புருசன் ஒரு சொல் சொன்னதில்லை. ஏமாற்றிக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று அவருடைய ஆட்கள் கதைத்தபோதும், அண்ணைக்கு முன்னால் ஒரு சொல் சொல்லவில்லை. சத்தமில்லாமல் சண்டிலிப்பாயில் தகப்பனின் காணியில் ஒரு துண்டைத் திருத்தி, என்னையும் பிள்ளைகளையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். அண்ணையையும் கூப்பிட்டோம். கிணறு திரும்பும் வரைக்கும் ஒருவர் இருக்கவேண்டும் என்றுவிட்டார். அவருக்கும் ஒரு பெண் பார்க்கலாம் என்று நான் இரண்டொருவரிடம் வாய்விட்டேன். கிணற்றை உப்பாக்கினவர்தானே என்று கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் வெளி மிளகாய் திரும்ப வந்தது. நல்ல தண்ணீர் இருந்த தோட்டங்களும் படுத்துவிட்டன. பெரியப்பா தன் பக்கத்தைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டு மகள் வீட்டோடு போனார். வேறு பலரும் கொடுத்தார்கள். செம்மண்ணை வழித்து ஏற்றிவிட்டுக் கல்லை உடைத்தார்கள். நான் பஸ்ஸில் ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு வீடு குறைந்திருக்கும். எங்கள் காணியையும் கேட்டு வந்தார்களாம். அது தன்னுடையதில்லை, தங்கச்சியின் சீதனம் என்று அண்ணை படலையிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தக் கருகின நிலத்தைக் காவல் காத்துக்கொண்டு இருந்தார். நான் போகும்போதெல்லாம் செம்பை அள்ளிக் குடிப்பார், குறைஞ்சிருக்கு என்பார். நானும் ஓம் என்பேன்.

எண்பதுகள் பிறந்த பிறகு அவருக்கு முடியாமல் போனது. கல்லுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பாதி நெஞ்சு கல்லாம். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றுவிட்டார்கள். சண்டிலிப்பாய்க்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். நான் வந்து கொட்டிலிலிருந்து அவரை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கிடத்தினேன். என்னுடைய வீடு, ஆனால் அவர் அதற்குள் படுத்தது கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல்தடவை. கடைசிநாட்களில் அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டார், எங்கடை கிணத்துத் தண்ணி என்று கேட்டார்.

சாகக் கிடக்கிற மனுசனுக்கு எப்படி அதைக் கொடுப்பது? சண்டிலிப்பாயிலிருந்து போத்தலில் கொண்டுவந்திருந்த நல்ல தண்ணீரைச் செம்பில் ஊற்றினேன். கிணற்றடிக்குப் போய்விட்டு வருவதுபோல ஒருமுறை வெளியே போய் வந்தேன். தலையை என் மடியில் தூக்கி வைத்து, கரண்டியால் வாயில் விட்டேன்.

“அண்ணை, கிணறு திருந்தீட்டுது. குடிச்சுப் பாருங்கோ.”

விழுங்காமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. கடைவாயால் தண்ணீர் வழிந்து என் சேலையை நனைத்தது.

“இது எங்கடையில்லை,” என்றார். “எங்கடையைத் தா.”

போய் அள்ளினேன். அள்ளும்போதே அழுகை வந்துவிட்டது. கொண்டுவந்து ஒரு கரண்டி விட்டேன். விழுங்கினார். இன்னொரு கரண்டிக்கு வாயைத் திறந்தார், அதையும் விழுங்கினார். குறைஞ்சிருக்கு என்று சொல்லப்போகிறார், நான் ஓம் என்று சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன்.

“உப்புத்தான் தங்கச்சி,” என்றார். “முதல்நாள் தொட்டே உப்புத்தான்.”

“தெரியும் அண்ணை,” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். மத்தியான வெடிக்குச் சங்கு ஊதியபோது அந்தப் பிடி விட்டிருந்தது.